மூடாமல் விட்ட சார்ட்

லிஃப்ட்காரன் கட்டிலுக்கு விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தான். கால்மாட்டில் விரிப்பை இழுத்துப் பிடித்து, மூலையை முக்கோணமாக மடித்து, உள்ளங்கையைக் கத்தி மாதிரி நிமிர்த்தி மெத்தைக்கு அடியில் செருகினான். ஆஸ்பத்திரி மடிப்பு. நான் கற்றுக்கொடுத்தது. தடித்த விரல்கள், நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு. ஆனால் விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. சுருக்கம் இருந்தால் படுத்திருப்பவருக்கு முதுகில் புண் வரும். அதனால்தான் அவனை அப்படிப் பழக்கியிருந்தேன்.

அன்றைக்கு அந்தக் கட்டிலில் படுக்க யாரும் இல்லை. அவனுடைய அப்பா இறந்து நான்கு வாரம் ஆகியிருந்தது.

என்னுடைய ரத்த அழுத்தக் கருவி அந்த வீட்டு அலமாரியில் தங்கிவிட்டது. அதை எடுக்கத்தான் போயிருந்தேன். வாசற்படியில் நின்று, “என்ன தம்பி, விருந்தாளி வர்றாங்களா?” என்று கேட்டேன்.

“இல்லக்கா. தூசி விழுந்திருந்துச்சு” என்றான்.

நான் கருவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். துக்கத்தில் இருப்பவர்கள் எதையாவது துடைத்துக்கொண்டோ மடித்துக்கொண்டோதான் இருப்பார்கள். தடுக்கக் கூடாது. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய அட்டையை அன்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அது என் தவறு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவள். முறையாகப் பயிற்சி எடுத்து, சான்றிதழ் வாங்கி, நாற்பது வருடம். எத்தனையோ வீடுகளில் இருந்திருக்கிறேன். மகன்களில் பல ரகம் உண்டு. வாசலில் நின்று “எப்படி இருக்கார்?” என்று கேட்டுவிட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்புகிறவர்கள், பக்கத்தில் உட்கார்ந்து அழுதே நோயாளியைக் களைப்பாக்குகிறவர்கள், டாக்டருக்கே மருந்து சொல்கிறவர்கள். இவன் எந்த ரகத்திலும் சேராதவன். வந்த முதல் நாளே, “நான் என்ன செய்யணும்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்கக்கா. எழுதிக் குடுத்தா தப்பு பண்ண மாட்டேன்” என்றான். அப்போது அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. எனக்கு அறுபத்தேழு.

எழுதுவது அந்தக் குடும்பத்தின் ரத்தத்தில் ஊறியது. பெரியவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். வாசல் பக்கம் கண்ணாடி வைத்த சின்ன அறை. வெளியே போகும் வண்டி, உள்ளே வரும் வண்டி, எல்லாவற்றின் நேரத்தையும் நோட்டில் எழுதுவார். முப்பத்துநாலு வருடம். பள்ளிக்கூடம் விட்டதும் மகன் அந்த அறைக்குத்தான் போவான். மேசைக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவான். அப்பா டீ குடிக்கப் போகும் ஐந்து நிமிடத்துக்கு நோட்டு அவன் கைக்கு வரும், பென்சிலோடு. அப்பா திரும்பி வந்து, “இந்த வண்டி வந்ததை நீ கண்ணால பார்த்தியா?” என்று கேட்பார். “சத்தம் கேட்டுச்சு” என்று ஒரு தரம் சொல்லியிருக்கிறான். ரப்பரை எடுத்து அந்த வரியை அழித்தாராம். “சத்தத்துக்கெல்லாம் நேரம் போட முடியாதுடா. பார்த்தா எழுது, இல்லேன்னா காலியா விடு.”

அந்தப் பேச்சு அவனுக்குள் போய் நன்றாகக் குந்திவிட்டது. இருபத்திரண்டு வயதில் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் சேர்ந்தான். ஒவ்வொரு கட்டடத்தின் உச்சியிலும் லிஃப்ட்டின் மோட்டார் அறை ஒன்று இருக்குமாம். அங்கே சுவரில் ஒரு அட்டை. வந்து பார்த்த தேதி, செய்த வேலை, கையெழுத்து. பன்னிரண்டு மாடி விடுதி ஒன்றின் மேனேஜர், “மூணு மாசத்துக்கும் சேர்த்துப் போட்டுடுங்களேன், ஏன் சும்மா சும்மா அலையணும்?” என்று கேட்டிருக்கிறார். இவன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கீழே இறங்கி வந்துவிட்டான். லிஃப்ட்டில் ஏறாமல், படி வழியாக.

பெரியவருக்கு மகனுடைய உத்தியோகத்தில் பெருமை உண்டு. வெளியே காட்ட மாட்டார். “நான் ஊரை நீளவாக்குல ஓட்டினேன். இவன் உயரவாக்குல ஓட்டுறான். என் வண்டியாவது எங்கயாவது போய்ச் சேரும். இவனோடது கிளம்பின எடத்துக்கே திரும்பி வரும்” என்பார். அப்போது அவருக்கு வலது பக்கம் முழுவதும் செயலிழந்துவிட்டது. நாக்கு மட்டும் நன்றாக ஓடியது.

மகனின் குடும்பம் இரண்டு தெரு தள்ளி மூன்றாவது மாடியில் குடியிருந்தது. அங்கே லிஃப்ட் வருடத்தில் பாதி நாள் ஓடாது. “வைத்தியர் வீட்டுலதான் தீராத வியாதி” என்று அவன் மனைவி சிரிப்பாள். மருந்துக் கடையில் பில் போடுகிறவள். கெட்டிக்காரி. மாமனாரை அங்கே தூக்கிக்கொண்டு போக வழியில்லை, அவரும் தன் வீட்டை விட்டு வர மாட்டார் என்று ஆனதும், “பகலுக்கு ஆள் வைங்க. ராத்திரிக்கு நீங்க போய்ப் படுங்க. இதுல அழுது ஆகப்போறது ஒண்ணும் இல்ல” என்று அவள்தான் முடிவெடுத்தாள். அப்படித்தான் நான் போய்ச் சேர்ந்தேன்.

காலை ஆறு முதல் மாலை ஆறு வரை நான். மாலை ஆறு முதல் காலை ஆறு வரை அவன். இரண்டரை வருடம். நடுவே நான் எடுத்த லீவு பதினொரு நாள்.

நான் உள்ளே நுழைந்ததும் பெரியவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். “ஆறு மணி வண்டி வந்துடுச்சு. ரெண்டு நிமிஷம் லேட்டு.”

“உங்க கடிகாரம் ரெண்டு நிமிஷம் ஃபாஸ்ட்டு.”

“டைம்கீப்பர் கடிகாரத்தைக் குறை சொன்ன டிரைவர் எவனும் உருப்பட்டதில்ல.”

நான் பையை மாட்டிவிட்டுக் கையை சோப்புப் போட்டுக் கழுவுவேன். அதற்குள் மகன் கட்டிலின் தலைமாட்டில் வந்து நிற்பான், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு. நான் துடைத்துக்கொண்டே, “ராத்திரி எப்படி?” என்பேன். அவன் வரிசையாகச் சொல்வான். தூக்கம், தண்ணீர், சிறுநீர், முதுகு, மனசு. இந்த வரிசை மாறாது. “ரெண்டு தடவை எழுந்தார்க்கா. தண்ணி அரை டம்ளர். ஒண்ணுக்கு மூணு தடவை, மஞ்சளா இல்ல. முதுகுல இடது பக்கம் லேசா சிவப்பு, எண்ணெய் போட்டேன். மனசு நல்லா இருக்கார், என்னைத் திட்டினார்.” ஆஸ்பத்திரியில் ஒரு ஷிஃப்ட் போய் இன்னொரு ஷிஃப்ட் வரும்போது இப்படித்தான் நோயாளியை ஒப்படைப்போம். படித்த நர்ஸ்களில் பாதிப் பேர் இதை ஒழுங்காகச் சொல்ல மாட்டார்கள். இவன் சொன்னான்.

சொன்னதெல்லாம் கதவுக்குப் பின்னால் தொங்கிய சார்ட்டிலும் இருக்கும். அட்டையில் கிளிப் போட்டுச் செருகிய தாள்கள். மேலே “பெரியவர்” என்று என் கையெழுத்தில் பெரிதாக எழுதியிருக்கும். கீழே கட்டங்கள்: நேரம், தண்ணீர், புரட்டியது, குறிப்பு, கையெழுத்து. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அவனுடைய முறையில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. தவறியிருந்தால் கட்டம் காலியாக இருந்திருக்கும்.

சில மாலைகளில் நான் ஆறு மணிக்குக் கிளம்பாமல் நின்றுவிடுவேன். சம்பளம் இல்லாத நேரம்தான், அதைப் பற்றி யாரும் பேசியதில்லை. ஜன்னலுக்கு வெளியே பெரிய தெரு. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு பஸ் சத்தத்தைக் கேட்பார். “இது பழைய வண்டி, மூணாவது கியர்ல இருமுது. எங்க காலத்துல இதை வெளியவே விட மாட்டோம்.” மகன் கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிட்டபடி, “அப்பா, சத்தத்துக்கெல்லாம் நேரம் போடக் கூடாது” என்பான். கிழவர் அசையாத கை தவிர மற்றதெல்லாம் குலுங்கச் சிரிப்பார். மங்கலான டியூப் லைட், டெட்டால் வாசனை, ரொட்டி ஊறிய பால் கிண்ணம். நல்ல வீடு அது. நோயாளி இருந்த வீடுகளில் நான் மறுபடி போய் உட்கார ஆசைப்படும் வீடு அது ஒன்றுதான்.

ஒரு நாள் விடிகாலை நாலு நாற்பதுக்கு அவர் போனார். மகன் பக்கத்தில் இருந்தான். நான் ஆறு மணிக்குப் போனபோது எல்லாம் அடங்கியிருந்தது. நான் உடம்பைத் துடைத்துச் சுத்தம் செய்தேன், தாடையைக் கட்டினேன், வாடகைக்கு எடுத்த சக்கர நாற்காலியைத் திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்தேன். செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்து ஒன்றை விட்டுவிட்டேன். நோயாளி இறந்தால் சார்ட்டை மூட வேண்டும். கடைசிப் பதிவுக்குக் கீழே குறுக்கே ஒரு கோடு, நேரம், கையெழுத்து. பிறகு தாளைக் கழற்றி எடுத்துவிட வேண்டும். நாற்பது வருடத்தில் நான் மூடாமல் விட்ட சார்ட் அது ஒன்றுதான்.

வீட்டில் அவனுக்கும் தங்கைக்கும் சம பங்கு. தங்கை வெளியூரில் இருக்கிறாள். பத்திரம் எழுதி முடிய ஆறு மாதம் ஆகும் என்றார்கள். அதுவரை வீட்டைப் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பு அவனுடையது. பழைய வயரிங். ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டு டெய்லருக்கும் சேர்த்து ஒரே சுவர். தீப்பிடித்தால் டெய்லரின் துணி மூட்டைகளும் சேர்ந்து போகும். பெரியவர் தன் பெயரில் வீட்டை இன்ஷூர் செய்து வருடா வருடம் புதுப்பித்து வந்தார். அவர் இறந்துவிட்டதால் அது இரண்டு மாதத்தில் முடிந்துவிடும், மகன் தன் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து விண்ணப்பப் படிவம் வந்தது.

அவன் எல்லாக் கட்டத்தையும் நிரப்பினான். ஒன்றை மட்டும் காலியாக விட்டான். “வீட்டில் தற்போது வசிப்போர்” என்ற கட்டம்.

யாரும் இல்லை என்று எழுதினால் காலி வீடு என்று வேறு பிரிவில் சேர்ப்பார்கள். அதற்கு நிபந்தனைகள் உண்டு. தண்ணீரை அடைக்க வேண்டும், மெயின் சுவிட்சை இறக்க வேண்டும், கேஸ் சிலிண்டரை வெளியேற்ற வேண்டும், வாரம் ஒரு முறை ஒருவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இவன் தினமும் இரண்டு முறை போய்க்கொண்டிருந்தான். அவர்கள் கேட்டதைவிடப் பதினாலு மடங்கு. அதனால் நிபந்தனை அவனுக்கு ஒரு பொருட்டில்லை. அந்த இரண்டு வார்த்தையை எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான். படிவம் திரும்பி வந்தது. மறுபடி அப்படியே அனுப்பினான். “வசிக்கிறாங்களா இல்லையான்னு கம்பெனிதான் வந்து பார்க்கணும்” என்று மனைவியிடம் சொன்னானாம். அவள், “ஏன், உங்களுக்குக் கண்ணு தெரியலையா?” என்று கேட்டிருக்கிறாள்.

கம்பெனி நிஜமாகவே ஒரு ஆளை அனுப்பிவிட்டது. பகல் பதினொரு மணி. லிஃப்ட்காரன் எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்று கம்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த நேரம். சாவி டெய்லரிடம். டெய்லருக்கு அன்று அவசர வேலை. “நீங்களே பார்த்துட்டுப் பூட்டிக் குடுத்துடுங்க சார்” என்று சாவியைக் கொடுத்துவிட்டு மிஷினில் உட்கார்ந்துவிட்டார்.

வந்தவர் என்ன கண்டார்? சுருக்கம் இல்லாமல் விரித்த கட்டில். தலைமாட்டில் மூடி போட்ட டம்ளர், நிறையத் தண்ணீர். கழுவிக் கவிழ்த்த பெட்பேன். தரையில் சக்கர நாற்காலி போன தடம். நாற்காலி மட்டும் இல்லை. கதவுக்குப் பின்னால் “பெரியவர்” என்று தலைப்புப் போட்ட சார்ட், மேல் தாள் அன்று காலை ஆறு ஐந்து வரை நிரப்பி. அடியில் இருந்த தாள்களை அவர் புரட்டவில்லை. விண்ணப்பத்தில் மகன் பெயர்தான் இருக்கிறது. இறந்தவர் யாரோ, இந்தப் பெரியவர் யாரோ என்று எண்ணியிருக்கிறார். நாற்காலியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்பார்கள் என்று முடிவு கட்டி, நல்லபடியாக அறிக்கை எழுதிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சார்ட்டைப் பார்த்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனும் தங்கை புருஷனும் என் வீட்டுக்கு வந்தார்கள். தங்கை புருஷனுக்கு டைல்ஸ் கடை. கையால் தொட்ட எதையும் தட்டிப் பார்க்கும் பழக்கம். என் சுவரைத் தட்டினார், மேசையைத் தட்டினார், உட்கார்ந்தார். லிஃப்ட்காரன் ஒரு கடிதத்தை என் முன்னால் வைத்தான்.

படித்தேன். வீட்டில் முதியவர் ஒருவர் தொடர் பராமரிப்பில் வசிப்பது நேரில் அறியப்பட்டதால், சாதாரணப் பிரிவிலேயே இன்ஷூரன்ஸ் வழங்கச் சம்மதம். கூடவே ஒரு வரி சான்று: “மேற்படி முதியவரை இவ்வீட்டில் நான் பராமரித்து வருகிறேன்.” பராமரிப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். செவ்வாய் மதியத்துக்குள். அன்றோடு பழைய இன்ஷூரன்ஸ் முடிகிறது.

“நாம ஒரு பொய்யும் சொல்லலம்மா. அவங்களா வந்தாங்க, அவங்களா பார்த்தாங்க, அவங்களா எழுதினாங்க” என்றார் மாப்பிள்ளை. “ஒரு கையெழுத்து. ஆறே மாசம். சுவிட்சை இறக்கு, சிலிண்டரைத் தூக்குன்னு ஒரு தொல்லையும் இல்ல.”

“நாளைக்கு வீடு எரிஞ்சு போச்சுன்னா?”

“அதுக்குத்தானே இன்ஷூரன்ஸு.”

“பெரியவர் எங்கேன்னு கேப்பாங்களே. எரிஞ்சு போயிட்டாருன்னு சொல்வீங்களா?”

“அம்மா வாயில ஒரு நல்ல வார்த்தை வராதா?”

“நல்ல வார்த்தை வேணும்னா வாழ்த்து அட்டை விக்கிற கடைக்குப் போங்க. பொய்ச் சான்று குடுத்தா ஒரு ரூபா தர மாட்டான். அடுத்த வீட்டு டெய்லர் தெருவுல நிப்பாரு. உங்க பொண்டாட்டி பங்கும் சேர்ந்து சாம்பல்.”

மாப்பிள்ளை மேசையைத் தட்டுவதை நிறுத்தினார். “மச்சான், நீங்களாவது பேசுங்க. எழுத்து விஷயத்துல நீங்கதானே ஊருக்கே வாத்தியார்.”

லிஃப்ட்காரன் கடிதத்தை என் பக்கத்திலிருந்து தன் பக்கம் திருப்பினான். முத்திரை இருந்த இடத்தில் விரலை வைத்தான்.

“அப்பா அங்க இருக்கார்னு போட்டிருக்காங்கக்கா” என்றான். “சீல் வச்சுப் போட்டிருக்காங்க.”

மாப்பிள்ளை எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். வாயாடியானாலும் நல்ல மனிதர்.

எனக்கு அந்த நேரத்தில் தட்டிக் கொடுக்கத் தெரியாது. எப்போதுமே தெரியாது. “நோயாளியைப் பார்க்காம நான் எதுலயும் கையெழுத்துப் போட்டதில்ல” என்றேன். அதை மறுப்பாகத்தான் சொன்னேன். அவனுக்கு அது அப்படிக் கேட்கவில்லை.

“அப்ப நாளைக்குக் காலையில வர்றீங்களாக்கா? ஆறு மணிக்கு?”

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வருகிறேன் என்றேன். அந்த வீட்டை ஒரு தடவை பார்க்க வேண்டும்போல் எனக்கும் இருந்தது.

திங்கட்கிழமை ஆறு மணிக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. என் மனதில் பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். “தம்பி, இது சரிப்படாது” என்று ஆரம்பிப்பதாக இருந்தது. உள்ளே காலடி வைத்ததும் கால்கள் தானாக நடந்தன. பையை மாட்டினேன். குழாயடிக்குப் போனேன். சோப்பு அதே கிண்ணத்தில் இருந்தது, ஈரமாக. கையைக் கழுவினேன். துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டே திரும்பினேன். அவன் தலைமாட்டில் நின்றான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

“ராத்திரி எப்படி?” என்றேன்.

வேண்டுமென்று கேட்கவில்லை. வாய் கேட்டுவிட்டது. கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவனும் பழக்கத்தில்தான் தொடங்கினான். “தூக்கம்…” என்றான். நிறுத்தினான். கட்டிலைப் பார்த்தான். “யாரும் தூங்கலக்கா. நான் வீட்டுல இருந்தேன். இங்க யாரும் இல்ல. தண்ணி, நான் நேத்து மூடி வச்சது வச்சபடி இருக்கு. ஒண்ணுக்கு… முதுகு…”

கையைப் பின்னாலிருந்து எடுத்து முன்னால் தொங்கவிட்டான். வேலை முடிந்த ஆள் மாதிரி.

“ஒப்படைக்க ஒண்ணும் இல்லக்கா” என்றான்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தான். அழுதான். பத்து நிமிடம் இருக்கும். அந்த நேரத்தில் நான் டம்ளர் தண்ணீரைக் கொட்டிக் கழுவி வைத்தேன், பெட்பேனைக் காகிதத்தில் சுற்றினேன். அழுகிறவர் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் அவருக்கு வெட்கமாக இருக்கும்.

பிறகு கதவைச் சாத்திச் சார்ட்டை எடுத்தேன். “இது என் தப்பு தம்பி. அன்னைக்கே மூடியிருக்கணும்.”

அடியிலிருந்த ஒரு தாளில், நாலு நாற்பதுக்கு அவன் கையெழுத்தில், “மூச்சு நின்றது. நான் பார்த்தேன்” என்று இருந்தது. அதற்கு அடுத்த வரி மறுநாள் காலை. இடைவெளியே விடாமல் எழுதிக்கொண்டு போயிருந்தான். ஜன்னல் திறந்தது. மெத்தையைப் புரட்டியது. குழாய் சொட்டியது, வாஷர் மாற்றியது. தொட்டியில் தண்ணீர் முக்கால். ஜன்னல் மூடியது. ஏழு வாரத்துக்கு மேல், காலையும் மாலையும்.

“செய்யாததை எதையும் எழுதலக்கா.”

“தெரியும். ஆனா இது ஆளுக்கு உண்டான சார்ட். வீட்டுக்கு வேற தாள் போடணும்.”

அவன் பேனாவைத் திறந்தான். நாலு நாற்பதுக்குக் கீழே, அடுத்த வரியின் தலையில் இடிக்காமல், ஸ்கேல் இல்லாமலே நேராகக் கோடு போட்டான். ஓரத்தில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினான். நானும் போட்டேன். தேதியைக் கேட்டான். அன்றைய தேதியைப் போடச் சொன்னேன். தாமதமாக மூடியதற்கு அதுதான் முறை.

பிறகு பையிலிருந்து விண்ணப்பத்தின் புதுப் பிரதி ஒன்றை எடுத்தான். கொண்டுவந்திருந்தான், பாருங்கள். காலியாக விட்ட கட்டத்தில் “யாரும் இல்லை” என்று எழுதினான். தெளிவான எழுத்து. பார்வையிடுபவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டான்.

“வாரம் ஒரு தடவை போதும்னு இருக்கேக்கா. ரெண்டு தடவை வந்தா ஏதாவது சொல்வாங்களா?”

“ஒரு தடவை வா.”

“மழைக்காலத்துல?”

“ஒரு தடவை. மிச்ச நாள் உன் வீட்டுல போய் உட்காரு. ரெண்டரை வருஷம் தனியாப் படுத்த பொண்ணு அது.”

காது வரை சிவந்துபோனான். ஐம்பத்தைந்து வயது ஆளுக்கு அப்படி ஒரு வெட்கம். பெரியவர் இருந்திருந்தால் ஒரு வாரத்துக்கு அதைச் சொல்லிச் சிரித்திருப்பார்.

மறுநாள் காலை ஐந்தரைக்கே வந்துவிட்டான், மனைவியையும் கூட்டிக்கொண்டு. அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அலமாரியைக் காலி செய்தாள். சிலிண்டரை அவன் கழற்றினான், டெய்லர் ஒரு கை பிடித்தார். தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரைப் பக்கெட்டில் மொண்டு டெய்லர் வீட்டுத் தொட்டியில் ஊற்றினோம். அவர் வேண்டாம் வேண்டாம் என்றார், பக்கெட்டை எங்களைவிட வேகமாகத் தூக்கினார். கட்டிலை முதியோர் இல்லத்துக்குச் சொல்லியிருந்தேன். வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. மெத்தையை எடுக்க மாட்டோம் என்றார்கள். சுருட்டிக் கட்டி, செங்கல் மேல் வைத்தோம். கடைசியாக அவன் மெயின் சுவிட்சை இறக்கினான். தண்ணீர் வால்வைத் திருகி மூடினான். ஒரு தடவை திறந்து பார்த்து மறுபடி மூடினான். கதவைப் பூட்டினான்.

இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் எங்களுக்கு முன்னால் நான்கு பேர் இருந்தார்கள். எங்கள் முறை வந்ததும் குமாஸ்தா அம்மாள் பழைய கடிதத்தையும் புது விண்ணப்பத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“முதியவர் இருக்கிறதா எங்க ஆள் எழுதியிருக்காரே சார்?”

“இருந்தார்” என்றான் லிஃப்ட்காரன். “எழுதி வச்சது என் தப்பு. உங்க ஆள் மேல தப்பில்ல.”

அவள் பழைய கடிதத்தின் மேல் ரத்து என்று எழுதினாள். புது விண்ணப்பத்தில் பத்து நாற்பத்தைந்து என்று நேரம் போட்டு முத்திரை குத்தி, ஒரு பிரதியைக் கொடுத்தாள். அவன் அதை நாலாக மடித்து மனைவியிடம் கொடுத்துவிட்டு, பதினொன்றரைக்கு ஒரு லிஃப்ட் பார்க்க வேண்டும் என்று சொல்லிப் பஸ் ஏறினான். நாங்கள் இருவரும் எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு நடந்தே வீடு திரும்பினோம்.